பழைய செவ்ரோலே சி10 பிக்கப்பில் முன் கண்ணாடி பீடிங் மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

மழை ஓய்ந்த மறுநாள் ஓட்டுநர் பக்கத்து மிதியடியைத் தூக்கிப் பார்க்கும்போது அடியில் தண்ணீர் தேங்கி நின்றால், பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கைத்தான். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் பழைய ரப்பரைக் கழற்றிவிட்டுப் புதிய ரப்பரை மாட்டுவதோடு வேலை முடிந்துவிடும் என்று நினைத்தால், அடுத்த மழைக்கும் அதே இடத்தில் தண்ணீர் நிற்கும். ரப்பர் மாற்றுவது அரைநாள் வேலை. அந்த ரப்பர் உட்காரும் தகட்டு விளிம்பைச் சரிசெய்வதற்குத்தான் நாள் பிடிக்கும். என்னுடைய 1970ஆம் ஆண்டு சி10 வண்டியில் ஒரு புதுக் கண்ணாடியைப் பலிகொடுத்து இதைக் கற்றேன். அதனால் இந்த வழிகாட்டியில் விளிம்பைப் பற்றிய பகுதி மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

இங்கே சொல்பவை 1967 முதல் 1972 வரையிலான செவ்ரோலே சி10, கே10 பிக்கப்புகளுக்கும், அதே கேபினைக் கொண்ட ஜிஎம்சி வண்டிகளுக்கும் பொருந்தும். அக்காலத்துச் சபர்பன், 1969இல் வந்த பிளேசர் ஆகியவற்றின் முன் கண்ணாடியும் இதே முறையில் பொருத்தப்பட்டதுதான். 1973 மாடலில் கேபினின் வடிவமே மாறிவிட்டதால், அந்த வண்டிகளை இந்த வழிகாட்டி கணக்கில் எடுக்கவில்லை.

பீடிங் எப்படிப் பிடித்து நிற்கிறது

பழைய பீடிங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், படுக்கவைத்த ஆங்கில 'எச்' எழுத்தைப் போல இரண்டு பக்கமும் காடி இருக்கும். ஒரு காடிக்குள் கண்ணாடியின் ஓரம் நுழைகிறது; எதிர்ப்புறக் காடிக்குள் கேபின் திறப்பைச் சுற்றியுள்ள தகட்டு விளிம்பு நுழைகிறது. கண்ணாடி எங்கும் இரும்பைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ரப்பர் மட்டுமே நிற்கிறது. திருகோ கிளிப்போ கிடையாது. இன்றைய கார்களில் பசையால் ஒட்டப்பட்ட கண்ணாடி உடற்கூட்டின் வலிமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. இந்தப் பிக்கப்பில் அப்படி எதுவும் இல்லை. ரப்பரின் இறுக்கம்தான் கண்ணாடியைப் பிடித்து வைத்திருக்கிறது. நம்மூரில் அம்பாசடர் காரின் முன் கண்ணாடியைக் கயிறு போட்டு ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது.

ஐம்பது ஆண்டு வெயிலில் ரப்பர் சுருங்கி, மூலைகளில் இழுபட்டு, வெடிப்பு விடுகிறது. வெடிப்பின் வழியே உள்ளே போன தண்ணீர் கீழ்க்காடியில் தேங்கி, அங்கிருக்கும் இரும்பை மெல்லத் தின்கிறது. இந்த வண்டிகளில் கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டும் துருவுக்குப் பேர்போனவை. வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்டில் சின்னக் கொப்புளம்தான் தெரியும். ரப்பரைக் கழற்றினால் தகடு பிஸ்கட்டைப் போல உதிரும்.

எந்தப் பீடிங்கை வாங்குவது

இந்த வண்டிக்கு இரண்டு வகைப் பீடிங் உண்டு. ஒன்று வெறும் கறுப்பு ரப்பர். மற்றொன்றின் முகப்பில் பளபளப்பான உலோக அலங்காரப் பட்டையைப் பதிப்பதற்கென்று கூடுதலாக ஒரு காடி இருக்கும். உயர்ரக அலங்காரத்தோடு விற்கப்பட்ட வண்டிகளில் இந்த இரண்டாவது வகையே இருந்தது. பட்டை இல்லாத வண்டிக்குக் காடியுள்ள ரப்பரை வாங்கினால் அந்தக் காடி திறந்தபடி கிடந்து தூசியைச் சேர்க்கும். பட்டை உள்ள வண்டிக்கு வெறும் ரப்பரை வாங்கினால் பட்டையை வைக்க இடமே இருக்காது. பழையதைக் கழற்றும் முன் அதன் முகப்பைப் புகைப்படம் எடுத்து, விற்பவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்வது நல்லது.

மூலைகள் வார்த்தெடுக்கப்பட்டு, முழு வளையமாக வரும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரையே வாங்க வேண்டும். இபிடிஎம் வெயிலையும் ஓசோனையும் தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். கிரீஸ், வாசலின், இன்ஜின் ஆயில் ஆகியவற்றில் எதையும் வழுக்கலுக்காக இதன்மேல் தடவக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்த தண்ணீர் போதும்.

பெட்டியில் மடிந்து வந்த புதிய ரப்பர் கோணல்மாணலாக இருப்பது இயல்புதான். அதை வெயிலில் ஓரிரு மணி நேரம் விரித்துப் போட்டால் இளகி வழிக்கு வரும். வேலை செய்யும் நாளும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்காலக் காலையில் விறைத்த ரப்பரோடு மல்லுக்கட்டினால் கையும் நோகும், கண்ணாடியும் உடையும்.

இவற்றோடு ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான நைலான் கயிறு ஆறு மீட்டர் அளவுக்கு, கூரான கட்டர் கத்தி, மொக்கையான பிளாஸ்டிக் நெம்பிகள், மாஸ்கிங் டேப், உப்புத்தாள், எபாக்சி பிரைமர், இறுகிப்போகாத கறுப்பு சீலண்ட் ஆகியவை வேண்டும். மெல்லிய கயிறு ரப்பரின் உதட்டை, அதாவது காடியின் ஓரமாக நீண்டிருக்கும் பகுதியை, அறுத்துவிடும். தடித்த கயிறு காடிக்குள் இறங்காது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சொன்னதைக் கேட்டு அவசரப்படாமல் வேலை செய்யும் ஓர் ஆள் துணைக்கு வேண்டும். இது தனியாளாகச் செய்யும் வேலை அன்று.

பழைய கண்ணாடியைக் கழற்றுதல்

முதலில் வைப்பர் கைகளைக் கழற்றிவிட வேண்டும். சன் வைசர்களையும் எடுத்துவிட்டால் உள்ளே கை வீசி வேலை செய்யலாம். உள் மிரர் விஷயத்தில் ஆண்டைக் கவனிக்க வேண்டும்: 1971 வரையிலான வண்டிகளில் மிரர் கூரைப்பக்கத் தகட்டில் திருகப்பட்டிருக்கும்; 1972இல் அதைக் கண்ணாடியின்மேலேயே ஒட்டினார்கள். 1972 வண்டிக்குப் புதுக் கண்ணாடி வாங்குபவர்கள் மிரர் மாட்டும் சிறு உலோகப் பொத்தானையும் அதற்கான பசையையும் சேர்த்து வாங்கிவிடட்டும். டேஷ்போர்டின் மேலே, கண்ணாடிக்குச் சூடான காற்றை ஊதும் டிஃப்ராஸ்டர் துவாரங்களை டேப் போட்டு மூடி, அதன்மேல் பழைய போர்வையை விரிக்க வேண்டும். அந்தத் துவாரத்துக்குள் விழுந்த கண்ணாடிச் சில்லு, ஹீட்டர் ஊதும்போதெல்லாம் கலகலவென்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

பழைய ரப்பரைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. ஏற்கெனவே கல்லாய்ப் போன உதட்டை நெம்பி வளைக்கப் பார்த்தால் அந்த அழுத்தம் முழுவதும் கண்ணாடியின் ஓரத்தில்தான் இறங்கும். அலங்காரப் பட்டை இருந்தால் அதை மட்டும் பிளாஸ்டிக் நெம்பியால் பொறுமையாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வெளிப்பக்கத்து உதட்டைக் கத்தியால் கண்ணாடியின் ஓரத்தை ஒட்டியே சுற்றிலும் அறுத்து எடுத்துவிடலாம். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் அடிக்கடி நனைத்துக்கொண்டால் அது வழுக்கிக்கொண்டு போகும். உதடு முழுவதும் போன பிறகு ஒருவர் உள்ளே உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேல் மூலைக்கருகில் விரித்து வைத்து மெல்லத் தள்ள, வெளியே நிற்பவர் வாங்கிக்கொள்ளலாம். காலால் உதைத்துத் தள்ளுபவர்களையும் பார்த்திருக்கிறேன். கண்ணாடி தப்புவது அவர்கள் அதிர்ஷ்டம்.

எடுத்த கண்ணாடியைக் கம்பளம் விரித்த மேசைமேல் வைத்து ஓரங்களைப் பார்க்க வேண்டும். முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. ஓரத்தில் பால் நிறத்தில் புகைபடிந்ததுபோலத் தெரிந்தால் ஈரம் உள்ளே புகுந்து படலம் பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தாலும் அதைத் திரும்ப மாட்டுவதில் அர்த்தமில்லை. விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். புதுக் கண்ணாடி வாங்கினால், அமெரிக்காவில் முன் கண்ணாடிக்கு அனுமதிக்கப்பட்ட தரத்தைக் குறிக்கும் 'ஏஎஸ்1' முத்திரை மூலையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

விளிம்பு

இப்போது திறப்பைச் சுற்றியுள்ள தகட்டு விளிம்பு வெளியே தெரியும். பல வண்டிகளில் முந்தைய உரிமையாளர்கள் அப்பிய சிலிகான், தார் போன்ற சீலண்ட், காய்ந்த பசை எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். என் வண்டியில் மூன்று நிறத்தில் மூன்று அடுக்கு இருந்தது. அவ்வளவையும் பிளாஸ்டிக் நெம்பியாலும் கம்பி பிரஷ்ஷாலும் இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். குறிப்பாக, காயும்போது வினிகர் வாடை வீசும் சாதாரணச் சிலிகானை யாராவது பூசியிருந்தால், அதன் அடியில் துரு நிச்சயம் இருக்கும். அந்த வாடைக்குக் காரணமான அசிட்டிக் அமிலம் வெறும் இரும்பை அரிக்கக்கூடியது.

மேலோட்டமான துருவை உப்புத்தாளால் தேய்த்து, துரு மாற்றி (மிச்சத் துருவை மேலும் பரவாத பூச்சாக மாற்றும் திரவம்) தடவி, எபாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடித்தால் போதும். ஓட்டை விழுந்திருந்தால் அந்தத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் துண்டை வெல்டு செய்வதுதான் ஒரே வழி. இங்கே பட்டி போட்டு நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. விளிம்பு என்பது தகடுகளைச் சேர்த்துப் புள்ளி வெல்டு செய்த அடுக்கு. அந்தத் தடிமனுக்கு ஏற்பத்தான் ரப்பரின் காடி வார்க்கப்பட்டிருக்கிறது. பட்டியால் அது தடித்துவிட்டால் ரப்பர் முழு ஆழத்துக்கு இறங்காமல் பாதியிலேயே நிற்கும்.

என் கண்ணாடி உடைந்ததும் இதனால்தான். கீழ் வலது மூலையில் ஒரு துண்டை வெல்டு செய்துவிட்டு, அந்த வெல்டைக் கிரைண்டரால் முழுமையாகச் சமப்படுத்தாமல், அரிசிமணி அளவுக்கு ஒரு மேட்டை விட்டுவிட்டேன். பெயிண்டுக்கு அடியில் அது கண்ணுக்குப் படவில்லை. கண்ணாடி ஏறி உட்கார்ந்து, நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அந்த மூலையிலிருந்து ஒரு விரிசல் வில் போல வளைந்து மேலே ஓடியிருந்தது. இத்தகைய கண்ணாடி பரவலான அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரே புள்ளியில் விழும் அழுத்தத்தைத் தாங்காது.

அதன்பின் நான் செய்யும் சோதனை எளியது. கழற்றிய பழைய ரப்பரில் நன்றாக இருக்கும் ஒரு பகுதியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் துண்டை வெட்டி, அதன் காடியை விளிம்பில் செருகி, திறப்பைச் சுற்றி முழுவதும் தள்ளிக்கொண்டே போவேன். துண்டு எங்கே சிக்குகிறதோ அங்கே மேடு இருக்கிறது. எங்கே தளர்ந்து ஆடுகிறதோ அங்கே தகடு தேய்ந்து மெலிந்திருக்கிறது. இரண்டு இடங்களையும் டேப்பால் அடையாளமிட்டுச் சரிசெய்துவிட்டு மீண்டும் ஒரு சுற்று வருவேன். விளிம்பு வளைந்திருந்தால் அடியில் டாலியை (தகட்டுக்கு அண்டை கொடுக்கும் கனமான இரும்புக் கட்டி) அணைத்து, சிறு சுத்தியலால் தட்டி நேராக்கலாம். கடைசியாகத் துணைக்கு ஓர் ஆளை வைத்து, ரப்பர் இல்லாத வெறும் கண்ணாடியைத் திறப்பில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரும்பைத் தொடாதவாறு சிறு ரப்பர்த் துண்டுகளை இடையில் வைத்துப் பிடித்தால், சுற்றிலும் இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகி நின்றால் திறப்பே கோணலாக இருக்கிறது; அதோடு ரப்பரை மாட்டிப் பயனில்லை.

பெயிண்ட் அடித்த கையோடு ரப்பரை ஏற்றக் கூடாது. நன்றாகக் காயாத பெயிண்டின்மேல் கயிறு உராய்ந்தால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். வெயிலில் ஒரு வாரமாவது விடுவது என் வழக்கம். டேஷ்போர்டு மெத்தையையும் மாற்றும் எண்ணம் இருந்தால் அதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கண்ணாடி இல்லாதபோது அதன் முன்பக்கத்துக்குக் கை தாராளமாகப் போகும்.

ரப்பரைக் கண்ணாடியில் மாட்டுதல்

கண்ணாடியின் மேல் நடுவையும் கீழ் நடுவையும் டேப்பால் குறித்துக்கொண்டு, ரப்பரின் நான்கு மூலைகளையும் முதலில் கண்ணாடியின் மூலைகளில் உட்கார வைக்க வேண்டும். மூலைகள் சரியாக அமர்ந்த பிறகு நடுப்பகுதிகளைத் தள்ளிச் செருகலாம். எந்த இடத்திலும் ரப்பரை இழுத்து நீட்டக் கூடாது. இழுத்துப் பொருத்திய ரப்பர் சில மாதங்களில் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும்போது மூலைகளில் இடைவெளி விடும். சற்று மிகுதியாகத் தெரிந்தால் அந்த மிகுதியை நான்கு பக்கமும் பகிர்ந்து உள்நோக்கித் தள்ளிவிட வேண்டும். மாட்டிய ரப்பர் கழன்று வராதிருக்க, கண்ணாடியின் முன்புறத்திலிருந்து பின்புறத்துக்கு ஆங்காங்கே டேப்பைச் சுற்றி ஒட்டி, ஒரு இரவு அப்படியே விட்டால் ரப்பர் அந்த வடிவத்துக்குப் படிந்துவிடும்.

அலங்காரப் பட்டை உள்ள வண்டியாக இருந்தால் அதையும் மேசைமேலேயே பதித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பட்டையோடு சேர்ந்த ரப்பர் சற்று விறைப்பாக இருக்கும் என்பதால் வண்டியில் ஏற்றுவது கொஞ்சம் கடினமாகும். ஆனால் கண்ணாடி ஏறிய பிறகு நின்றுகொண்டு பட்டையைக் காடிக்குள் திணிக்க முயல்வதோடு ஒப்பிட்டால் அந்தக் கடினம் ஒன்றுமில்லை.

கயிற்றுப் பிடி

ரப்பரின் வெளிச்சுற்றில் விளிம்புக்கான காடி திறந்திருக்கும். அதில் சோப்புத் தண்ணீரைத் தடவி, கயிற்றை அடிவரை பதித்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். தொடக்கமும் முடிவும் கீழ் நடுவில், ஒன்றின்மேல் ஒன்றாக ஓரடி அளவுக்குப் படிந்திருக்க வேண்டும். மீதமுள்ள இரு முனைகளும் கேபினின் உட்பக்கம் தொங்க வேண்டும். முனைகளை வெளிப்பக்கம் விட்டுவிட்டு, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்த பிறகு அதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. தூக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வண்டியின் விளிம்பிலும் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவலாம்.

இருவர் சேர்ந்து கண்ணாடியைத் தூக்கி, கீழ் விளிம்பில் முதலில் உட்கார வைத்து, மேலே சாய்த்து நடுவைச் சரிபார்க்க வேண்டும். நடு ஒரு விரல் விலகியிருந்தாலும் இப்போதே நகர்த்திவிட வேண்டும். கயிறு இழுபடத் தொடங்கிய பின் நகராது. பிறகு ஒருவர் உள்ளே போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து, கண்ணாடியின் பரப்பை ஒட்டியே அதன் நடுவை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். தன் பக்கமாகக் குத்தி இழுத்தால் உதடு கிழியும். கயிறு வெளிவர வெளிவர, ரப்பரின் உள் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே புரண்டு விழும். கயிறு எந்த இடத்தில் வெளிவருகிறதோ அதே இடத்தில் வெளியே நிற்பவர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நகர வேண்டும். இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'இங்கே, இங்கே' என்று வாயால் சொல்லிக்கொண்டே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கீழ் நடுவிலிருந்து ஒரு மூலையைத் தாண்டிப் பக்கவாட்டில் பாதிவரை வந்ததும் நிறுத்திவிட்டு, மறுமுனையை எடுத்து எதிர்ப்பக்கமும் அதே உயரம்வரை வர வேண்டும். அதன்பின் மாறி மாறி இரு பக்கமும் ஏறி, மேல் நடுவில் முடிக்கலாம். கயிறு சிக்கினால் வலுவாக இழுக்காமல், அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு, பிளாஸ்டிக் நெம்பியால் உதட்டைத் தூக்கிக்கொடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை மட்டும் கையில் எடுக்கக் கூடாது. கண்ணாடியின் ஓரத்தில் அதன் நுனி ஒருமுறை பட்டால் போதும். எல்லாம் ஏறிய பிறகு வெளியே சுற்றிலும் உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தால் கண்ணாடி இன்னும் சற்று உள்வாங்கி அமரும்.

சீலண்டும் தண்ணீர்ச் சோதனையும்

சீலண்டை மாட்டும்போதே பூச வேண்டுமா, பிறகா என்பதில் ஆளுக்கொரு கட்சி உண்டு. நான் இரண்டாவது கட்சி. முதலில் சீலண்ட் இல்லாமல் மாட்டி, இரண்டு நாள் வெயிலில் விட்டு, பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். சீலண்ட் கையிலும் பெயிண்டிலும் அப்பிக்கொண்டிருக்கும்போது கயிற்றை ஒழுங்காக இழுக்க முடியாது. அதோடு, ரப்பர் சரியாக உட்காராத இடத்தைச் சீலண்ட் மறைத்தும்விடும். இரண்டு நாள் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: காடிக்குள் தங்கிய சோப்புத் தண்ணீர் முதல் நாள் முழுவதும் கசிந்துகொண்டே இருக்கும், அதைக் கண்டு ஒழுகுகிறது என்று பதறத் தேவையில்லை.

ஹோஸ் பைப்பில் தண்ணீரைப் பீய்ச்சாமல் மெதுவாக விட்டு, கீழிருந்து தொடங்க வேண்டும். கீழ்ப்பக்கத்தில் சில நிமிடம், பிறகு ஒவ்வொரு மூலை, பிறகு பக்கங்கள், கடைசியாக மேலே. மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும் என்பதால் ஓட்டை எங்கே என்று தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து, உலர்ந்த காகிதத்தை உள் உதட்டை ஒட்டி நகர்த்திக்கொண்டே வந்தால் ஈரம் உடனே தெரியும்.

கசிவு தெரிந்த இடத்தை உலர்த்தி, வெளி உதட்டைப் பிளாஸ்டிக் நெம்பியால் மெல்லத் தூக்கி, ரப்பருக்கும் உடல் தகட்டுக்கும் இடையே இறுகாத சீலண்டைத் தொடர்ச்சியான கோடாக விட்டு, உதட்டை மீண்டும் அழுத்திவிட வேண்டும். கசிவு கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையே என்றால் அந்தப் பக்கத்து உதட்டின் அடியில் விட வேண்டும். வெளியே பிதுங்கியதை மினரல் ஸ்பிரிட் தொட்ட துணியால் உடனே துடைத்துவிடலாம். துணியை ஊறப்போட வேண்டாம். கசிவே இல்லாவிட்டாலும் கீழ் மூலைகள் இரண்டிலும் நான் இதைச் செய்துவிடுவேன்.

கண்ணாடியைச் சுற்றி எங்கும் ஈரமில்லை, ஆனாலும் மிதியடி நனைகிறது என்றால் குற்றவாளி வேறு. கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்களுக்கு அருகில் காற்று உள்ளே போகும் கம்பித்தட்டி போன்ற திறப்பு இருக்கிறது. அதன் அடியிலுள்ள தொட்டி போன்ற பகுதியில் இலையும் மண்ணும் அடைத்துத் தகடு துருப்பிடித்திருந்தால், தண்ணீர் கதவுக்கு முன்னே, கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டுத் தகடு வழியாக இறங்கும். பைப்பை அந்தத் திறப்பில் மட்டும் விட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இலைகளை அள்ளி எடுத்து, தண்ணீர் கீழே வடியும் வழியைச் சுத்தம் செய்துவிட்டு, வைப்பர் கைகளை மாட்டலாம்.